இருதயத்தின் தொழிலும் அதற்குறும் பிணிகளும்

தமிழ் வழக்கில் நெஞ்சு என்னுஞ் சொல்லுக்குப் பொருள்கள் பல உள. அன்பும் அச்சமும், துணிவும் துயரும் நெஞ்சினிடத்தே நிகழ்வன என்று கூறுதல் மரபு. அருளற்றாரைக் கல்நெஞ்சர் என்றலும், அஞ்சாதாரை நெஞ்சுரம் உடையார் என்றலும் நாளாந்தப் பேச்சிற் கேட்கப்படுவனவே. ஆயின், உடனூலார் நோக்கு வேறாகும். அவர்க்கு இருதயம் என்பது ஓயாது சுருங்கி விரியும் ஒரு தசைப்பை. குருதியை உடலெங்குஞ் செலுத்துதலே அதன் தொழில். அத்தொழில் சில நிமிடம் தடைப்படின் உயிர் நில்லாது. இத்துணை இன்றியமையாத உறுப்பின் இயல்பைக் கற்றோரிலும் பலர் அறியாதிருத்தலும், அவ்வறியாமையாற் காக்கத்தக்க உயிர்கள் காக்கப்படாது போதலும் வருந்தத்தக்கன. இருதயத்தின் அமைப்பு யாது, அதன் தொழில் எங்ஙனம் நிகழ்கின்றது, அதற்குப் பெரும்பாலும் நேரும் பிணிகள் யாவை, வைத்தியசாலைக்குச் சேய்மையில் வாழும் மக்கள் அப்பிணிகளிலிருந்து தம்மைக் காக்கும் வழி யாது என்பன இங்கு ஒவ்வொன்றாக விளக்கப்படும்.

ஆறும் வாய்க்காலும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் உள்ள வெருகற் பகுதி இவ்விளக்கத்துக்கு ஏற்ற களமாகும். மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடும் மகாவலி கங்கை, கடலை அணுகுமிடத்துக் கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவிற் கலக்க, மற்றொன்று வெருகல் ஆறு என்னும் பெயருடன் சென்று கடலைச் சேர்கின்றது. அவ்வாற்றங்கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் விளங்குகின்றது. ஈச்சிலம்பற்று, பூநகர், இலங்கைத்துறை, வட்டவன் முதலிய ஊர்களில் வாழ்வோர்க்கு உழவும் மீன்பிடியுமே பெருந்தொழில்கள்.

இப்பகுதி உழவர்க்கு நீரின் இயல்பு நன்கு தெரியும். ஆற்றில் நீர் நிறைந்து ஓடினும், மதகு திறந்து, பெருவாய்க்கால் வழியே வந்து, கிளைவாய்க்காலிற் பிரிந்து, வரம்பின் வாய் வழியாக வயலிற் பாய்ந்தாலன்றிப் பயிர் பிழையாது. வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை வயல் முதலில் வாடும். உடலினகத்தும் இதுவே நிகழ்கின்றது. பெருநாடி என்னும் பெருவாய்க்காலிலிருந்து சிறுநாடிகளும், அவற்றிலிருந்து மயிரினும் நுண்ணிய குழாய்களும் பிரிந்து, கோடானுகோடி உயிர்க்கலங்களுக்கு உணவையும் ஒட்சிசனையும் கொண்டு செல்கின்றன.

ஆயினும், இவ்வுவமையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுநீர் கடலுட் புகுந்தபின் அவ்வழியே மீள்வதில்லை. குருதியோ புறப்பட்ட இடத்துக்கே மீண்டுவருகின்றது. இச்சிறிய உண்மையை அறிவதற்கு மனித இனத்துக்குப் பல நூற்றாண்டுகள் சென்றன.

குருதிச் சுற்றோட்டம் அறியப்பட்ட வரலாறு

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியராகிய காலென் என்பார், குருதி ஈரலில் இடையறாது உண்டாகி, உறுப்புக்களுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகின்றது எனக் கொண்டார். இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் குருதி செல்லுதற்கு நடுச்சுவரிற் கண்ணுக்குப் புலனாகாத் துளைகள் உள எனவும் கூறினார். அவர் கூற்று ஏறத்தாழ 1400 ஆண்டுகள் மறுப்பின்றி ஆட்சி செலுத்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல் நபீசு என்னும் அராபிய வைத்தியர், நடுச்சுவரில் அத்தகைய துளை இல்லை என்றும், குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகின்றது என்றும் எழுதினார். ஆயின் அவர் கருத்து அக்காலத்திற் பரவவில்லை.

1628 ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஆர்வி என்பார் தமது நூலை வெளியிட்டுக் காலெனின் கொள்கையை வீழ்த்தினார். அவர் கையாண்ட கருவி ஓர் எளிய கணக்கே. இருதயம் ஒரு முறை சுருங்கும்போது வெளியேறும் குருதியின் அளவை மிகக் குறைவாகவே மதித்து, அதனை அரைமணி நேரத்துத் துடிப்புக்களின் தொகையாற் பெருக்கிப் பார்த்தார். வந்த விடை உடலிலுள்ள குருதி முழுவதிலும் மிகுந்திருந்தது. இவ்வளவு குருதியை எவ்வுணவும் அரைமணி நேரத்தில் உண்டாக்க இயலாது. ஆகவே, அதே குருதிதான் சுற்றிச்சுற்றி வருதல் வேண்டும் என அவர் முடிவு கட்டினார். நாடிகளிலிருந்து நாளங்களுக்குக் குருதி எவ்வழியாற் செல்கின்றது என்பதை மாத்திரம் அவர் கண்டிலர். 1661 ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து மல்பீகி என்பார் தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியினூடே நோக்கி மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டபோது அக்குறையும் நீங்கியது.

இவ்வறிவு தமிழில் எழுதப்பட்டமை அண்மைக்காலத்து நிகழ்ச்சியன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்ட அவர், பின்னர்த் தமிழ்மொழியிலேயே அப்பாடங்களைக் கற்பித்ததுடன், மனுஷ அங்காதிபாதம், மனுஷ சுகரணம் முதலிய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். ஆகவே, இருதயத்தைப் பற்றித் தமிழில் தெளிவாகக் கூறவியலாது என்பார் கூற்றுக்கு ஈழநாட்டிலேயே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் விடை அளிக்கப்பட்டுவிட்டது.

இருதயத்தின் அமைப்பு

இருதயம் நெஞ்சறையின் நடுவே, சற்று இடப்பக்கமாகச் சாய்ந்து, இரு நுரையீரல்களுக்கும் இடையில் அமைந்துள்ளது. ஒருவர் தம் கையை மூடிப்பிடித்தால் எவ்வளவு பருமனாயிருக்குமோ அவ்வளவே அவர் இருதயத்தின் பருமன் எனலாம். வளர்ந்த ஆடவரின் இருதயம் ஏறத்தாழ 300 கிராமும், பெண்களின் இருதயம் அதனிற் சிறிது குறைவாகவும் நிறை கொள்ளும்.

அதனுள்ளே அறைகள் நான்கு உள. மேலுள்ள இரண்டும் சோணையறைகள். கீழுள்ள இரண்டும் இதயவறைகள். வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் பிரிக்கும் நடுச்சுவர் சிறிதும் துளையின்றி இருத்தல் வேண்டும். உடலெங்குஞ் சுற்றி ஒட்சிசன் குறைந்த குருதி பெருநாளங்கள் வழியாக வலச் சோணையறையை அடைந்து, வல இதயவறையுள் இறங்கி, நுரையீரலுக்குச் செலுத்தப்படுகின்றது. அங்குக் காபனீரொட்சைட்டை விடுத்து ஒட்சிசனை ஏற்று, செந்நிறம் பொலிய இடச் சோணையறைக்கு மீள்கின்றது. பின்னர் இட இதயவறையுட் புகுந்து, பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் செல்கின்றது. உச்சிமுதல் உள்ளங்கால்வரை குருதியைத் தள்ளவேண்டிய இட இதயவறையின் சுவர், அண்மையிலுள்ள நுரையீரலுக்கு மாத்திரம் தள்ளும் வல இதயவறையின் சுவரிலும் ஏறத்தாழ மும்மடங்கு தடித்தது.

குருதி முன்னோக்கிச் செல்லவும் பின்னோக்கி வராதிருக்கவும் நான்கு வால்வுகள் காவல் செய்கின்றன. வலப்பக்கத்து அறைகளுக்கு இடையில் முக்கூர் வால்வும், இடப்பக்கத்து அறைகளுக்கு இடையில் இருகூர் வால்வும், இரு பெருங்குழாய்களின் வாயில்களில் அரைமதி வால்வுகளும் உள. வைத்தியர் நெஞ்சிற் குழல் வைத்துக் கேட்கும் ‘லப், டப்’ என்னும் இரண்டு ஒலிகளும் இக்கதவுகள் மூடப்படுங்கால் எழுவன.

துடிப்பும் அதன் கணக்கும்

இருதயம் பிறர் ஏவத் துடிப்பதன்று. வலச் சோணையறையின் மேற்பக்கத்தில் உள்ள ஒரு சிறு கணு, தானே மின்துடிப்பை எழுப்புகின்றது. அத்துடிப்பு முதலிற் சோணையறைகளிற் பரவி அவற்றைச் சுருக்குகின்றது. பின்னர் ஒரு கணம் தாழ்த்து இதயவறைகளை அடைந்து அவற்றைச் சுருக்குகின்றது. இவ்வொழுங்கினாலேயே மேலறைகள் நிரப்ப, கீழறைகள் வெளியேற்றுகின்றன. இம்மின்னோட்டத்தைத் தோலின் மேலிருந்தே அளந்து வரையும் கருவியை ஒல்லாந்து தேசத்து ஐந்தோவன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அதற்காக 1924 ஆம் ஆண்டின் நோபெல் பரிசையும் பெற்றார். இக்காலத்து வைத்தியசாலைகளில் இ. சி. ஜி. என வழங்குவது அதன் வழிவந்ததே.

ஓய்ந்திருக்கும் ஒருவருடைய இருதயம் நிமிடத்துக்கு 70 முறை துடிப்பதாகக் கொள்க. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதி வெளியேறும். எனவே, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் குருதி செலுத்தப்படும். வளர்ந்தவர் உடலிலுள்ள குருதியின் மொத்த அளவும் ஏறத்தாழ 5 லீற்றரே. அஃதாவது, உடலின் குருதி முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை இருதயத்தினூடே செல்கின்றது. ஒரு நாளில் நிகழும் துடிப்புக்கள் ஏறத்தாழ 100,000. செலுத்தப்படும் குருதி ஏறத்தாழ 7,000 லீற்றர்.

இருதயம் ஓய்வறியாதது என்று கூறுதல் முற்றும் பொருந்தாது. ஒரு துடிப்புக்குரிய காலம் ஒரு செக்கனிலும் குறைவு. அதனுள்ளும் ஏறத்தாழப் பாதிக்காலம் நான்கறைகளும் தளர்ந்து இளைப்பாறுகின்றன. உழைப்பு மிகும்போது துடிப்பு விரைவடைய, இவ்விளைப்பாறுங் காலமே பெரிதும் குறுகுகின்றது. இவ்வுண்மை பின்னர்க் கூறப்படும் பிணியை விளங்கிக்கொள்ளுதற்கு இன்றியமையாதது.

இருதயத்துக்கு உணவூட்டும் நாடிகள்

தன்னுள் இடையறாது குருதி நிறைந்திருப்பினும், இருதயத் தசை அக்குருதியிலிருந்து நேரே உணவைப் பெறுவதில்லை. பெருநாடி தொடங்குமிடத்திலேயே பிரியும் இரண்டு மெல்லிய நாடிகள் இருதயத்தின் புறத்தே முடிபோலச் சூழ்ந்து அதற்கு உணவூட்டுகின்றன. இவற்றை முடியுரு நாடிகள் என்பர். உடல்நிறையில் இருநூற்றில் ஒரு பங்கேயாகிய இருதயம், குருதியோட்டத்தில் இருபதில் ஒரு பங்கைத் தன் உணவுக்காகப் பெறுகின்றது. அதன் உழைப்பு அத்துணைப் பெரிது.

இங்கு ஒரு புதுமை உளது. ஏனைய உறுப்புக்களுக்கு இருதயம் சுருங்கும்போது குருதி பாய்கின்றது. இட இதயவறையின் தசைக்கோ, அது சுருங்கும்போது அதனுட் செல்லும் குழாய்களும் நெரிவுறுவதால், தளர்ந்திருக்கும் வேளையிலேயே குருதி பெரிதும் பாய்கின்றது. ஆகவே, விரைந்து துடிக்கும் இருதயத்துக்குத் தேவை மிகுகின்றது. உணவு பெறுங் காலமோ குறைகின்றது. நலமான நாடிகள் விரிந்துகொடுத்து இக்குறையை நிரப்பும். தூர்ந்த நாடிகள் அங்ஙனஞ் செய்யமாட்டா.

நெஞ்சு நோவும் மாரடைப்பும்

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வெருகல் வழியாகச் செல்வர். அவருள் முதியோரும் பலர். வெயிலிற் பலநாள் நடக்கும் முதியவர் ஒருவருக்கு, மணலில் விரைந்து நடக்கும்போது நடுநெஞ்சில் இறுக்கமும் பாரமும் தோன்றி, மரநிழலிற் சிறிது அமர்ந்தவுடன் நீங்குமாயின், அது வெறும் களைப்பன்று. முடியுரு நாடி ஒடுங்கிவிட்டமையை அஃது அறிவிக்கின்றது. நாடிச் சுவரின் உட்புறத்தே கொலஸ்திரோல் முதலிய கொழுப்புப் பொருள்கள் பல ஆண்டுகளாகப் படிந்து மேடிடுவதால் இவ்வொடுக்கம் உண்டாகின்றது. இப்படிவு இளமையிலேயே தொடங்கி, ஓசையின்றி வளரவல்லது. இந்நோவு ஒருமுறை தோன்றினும் வைத்தியரிடங் காட்டுதல் வேண்டும்.

அம்மேட்டின் மூடி ஒருநாட் கீறுண்டால், காயத்திற் குருதி உறைவதுபோல அவ்விடத்தும் குருதி உறைந்து கட்டியாகி நாடியை முற்றாக அடைக்கும். இதுவே மாரடைப்பு. சிறிதே ஒடுங்கிய நாடியிலும் இது நேரலாம். ஆதலின், முன்னர் நோவே அறியாதவர்க்கும் திடீரென மாரடைப்பு வருதல் உண்டு. வெருகல் ஆற்று நீரைப் பெறும் மாவிலாற்று மதகு 2006 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூடப்பட்டபோது, ஆற்றில் நீர் இருந்தும் அதனை நம்பிய வயல்கள் வறண்டன. அதன்பின் விளைந்த பெருந்துயரை இப்பகுதி மறவாது. ஒரு மதகு அடைபட்டால் அதன் கீழுள்ள நிலம் முழுவதும் வாடுதல்போல, ஒரு நாடி அடைபட்டால் அதன் வழி உண்ணும் தசை முழுவதும் மடியத் தொடங்குகின்றது. வயலாயின் அடுத்த போகத்தில் மீண்டும் விளையும். மடிந்த இருதயத் தசையோ மீண்டும் முளைப்பதில்லை. அவ்விடத்துத் தழும்பே எஞ்சும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019 ஆம் ஆண்டில் இருதயநோயாலும் குருதிக்குழாய் நோயாலும் இறந்தோர் 1 கோடி 79 இலட்சம் பேர். அவ்வாண்டில் உலகில் நிகழ்ந்த இறப்புக்களில் இது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் நிகழும் இறப்புக்களுக்குக் காரணமான நோய்களுள்ளும் முடியுரு நாடி நோயே முன்னிற்கின்றது. இது நகரத்துச் செல்வர்க்கே உரிய நோய் என்னும் பழைய எண்ணம் இனிப் பொருந்தாது.

உயர் குருதியமுக்கம்

குருதி நாடிச் சுவரை உந்தும் விசையே குருதியமுக்கம் எனப்படும். நலமுடையார்க்கு அஃது ஏறத்தாழ 120/80 ஆக இருக்கும். முதலெண் இருதயம் சுருங்கும்போதும், இரண்டாம் எண் தளரும்போதும் உள்ள அளவுகள். வைத்தியசாலையில் வெவ்வேறு நாள்களில் அளந்தவிடத்தும் 140/90 என்னும் அளவுக்குக் குறையாதிருப்பின் அஃது உயர் குருதியமுக்கம் எனக் கொள்ளப்படும்.

இதன் கொடுமை யாதெனில், பெரும்பாலார்க்கு இஃது எவ்வித நோவையும் தருவதில்லை. தலையிடி இல்லை, மயக்கம் இல்லை. ஆகவே நோயும் இல்லை என அவர் எண்ணுகின்றனர். அதற்கிடையில் இருதயச் சுவர் தடிக்கின்றது; நாடிகள் கடினமடைகின்றன; மூளையிற் குருதிக்குழாய் வெடித்தோ அடைபட்டோ பாரிசவாதம் உண்டாகின்றது; சிறுநீரகமும் கெடுகின்றது. மருந்தினால் அளவு குறைந்தவுடன் நோய் மாறிவிட்டதென மாத்திரையை நிறுத்துவோர் பலர். அளவு குறைந்திருப்பது அம்மாத்திரையினாலேயே என்பதை அவர் உணர்தல் வேண்டும்.

சிறுவரைப் பற்றும் வாதக் காய்ச்சல்

கல்லூரி மாணவரும் ஆசிரியரும் சிறப்பாக அறிந்திருக்கவேண்டிய நோய் வாதக் காய்ச்சலாகும். ஐந்து வயது முதற் பதினைந்து வயதுவரை உள்ளோரையே இது பெரிதும் பற்றும். ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் ஒருவகைக் கிருமியால் முதலில் தொண்டை நோ உண்டாகும். இரண்டு மூன்று வாரங்களின் பின்னர்க் காய்ச்சலுடன் முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி நோகும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படையே தன் மூட்டையும் இருதய வால்வையும் பகையென மயங்கித் தாக்குவதால் இது நேர்கின்றது. மூட்டு வீக்கம் சில நாளில் வடுவின்றி மறையும். வால்விற் பட்ட வடுவோ பலர்க்கு மறைவதில்லை. இருகூர் வால்வே இவ்வாறு பெரிதும் பழுதுறுவது. ஆண்டுகள் சென்றபின், ஓட்டப்போட்டியில் மூச்சிளைக்கும் மாணவனிடத்தோ, கருவுற்ற காலத்து மூச்சுமுட்டும் இளம்பெண்ணிடத்தோ அவ்வடு தன்னை வெளிப்படுத்தும்.

இந்நோயைத் தடுத்தல் அரிதன்று. தொண்டை நோவுக்கு உரிய காலத்திற் பெனிசிலின் மருந்து கொடுத்தால் வாதக் காய்ச்சல் வாராது காக்கலாம். ஒருமுறை வந்தவர்க்கும் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது ஏற்றிவந்தால், நோய் மீண்டும் தாக்கி வால்வை மேலும் பழுதாக்குவது தடுக்கப்படும். பிள்ளை நலமாக ஓடியாடுகின்றது, இனி ஊசி எதற்கு எனப் பெற்றோர் நிறுத்திவிடுவதே பெருந்தீங்காய் முடிகின்றது. ஊசி நாளில் மாணவனுக்கு விடுமுறை அளித்து அனுப்பும் ஆசிரியர் ஓர் உயிருக்குக் காவலராகின்றார்.

வால்வு முற்றும் பழுதுற்றவர்க்குச் செயற்கை வால்வு பொருத்தப்படும். அதன் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த காலத்தில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டொக்டர் வலியத்தான் தலைமையில் ஆராய்ச்சியாளர் ஒரு வால்வை ஆக்க முயன்றனர். முதல் மூன்று வடிவங்களும் பயன்படாது போயின. நான்காவது வடிவம் 1990 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் அவ்வால்வு குறைந்த விலையிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு வருகின்றது.

பிறவிக் குறைகளும் புகையால் வரும் நோயும்

சில குழந்தைகள் இருதயத்தின் நடுச்சுவரில் துளையுடனோ, குழாய்கள் ஒடுங்கியோ பிறக்கின்றன. ஆயிரம் பிறப்புக்களில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இத்தகைய குறை உண்டு. பால் குடிக்கும்போது வியர்த்து இளைத்தல், நிறை கூடாமை, உதடும் நகமும் நீலம்பாரித்தல் என்பன அதன் குறிகள். 1944 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்ரிமோர் நகரில், எலன் தோசிக் என்னும் பெண் வைத்தியரின் எண்ணப்படி அல்பிரெட் பிளாலொக் செய்த அறுவையே நீலக் குழந்தைகளுக்கு வாழ்வளித்த முதற்படியாகும்.

அந்த எலன் தோசிக்கிடம் பயின்றவருள் ஒருவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த டொக்டர் பத்மாவதி. 1917 ஆம் ஆண்டில் பர்மாவிற் பிறந்த அவர், போரின் காரணமாக 1942 இல் அந்நாட்டை நீங்கி இந்தியாவை அடைந்து, மேல்நாடுகளிற் கற்று, தில்லியில் இருதய மருத்துவத்துக்கு அடிகோலினார். 1962 ஆம் ஆண்டில் அகில இந்திய இருதய அறக்கட்டளையை நிறுவினார். 2020 ஆம் ஆண்டில் 103 ஆம் வயதிற் காலமானார். புகைபிடியாத பெண்களிடத்தும் நுரையீரல் கெட்டு, அதனால் வல இதயவறை தளரும் நோய் காணப்படுதலை அவரும் அவர் குழுவினரும் 1950களில் தில்லியில் ஆராய்ந்து, அடுப்புப் புகையை அதனோடு தொடர்புபடுத்தினர். விறகடுப்பில் நாள்தோறும் சமைக்கும் வெருகற் பகுதித் தாய்மார்க்கும் இது பொருந்தும் செய்தியாகும். புகைபோக்கி அமைத்தலும், சமையலறையிற் காற்றோட்டம் விடுதலும் அவர் நுரையீரலுக்கேயன்றி இருதயத்துக்கும் காவலாகும்.

காலமே மருந்து

மாரடைப்பு வந்தபோது செய்யத்தக்கது யாது? அடைபட்ட நாடியை விரைவில் திறத்தலே மருத்துவத்தின் நோக்கம். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தினாலோ, நாடியினூடே நுண்குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கி ஸ்ரெண்ட் என்னும் சிறு வலைக்குழலை வைப்பதாலோ அது செய்யப்படுகின்றது. அடைப்பு நேர்ந்து அரைமணி நேரத்துள்ளேயே தசை மடியத் தொடங்கும். கரைக்கும் மருந்து முதல் இரண்டு மூன்று மணி நேரத்துட் கிடைப்பின் பயன் மிகப் பெரிது. பன்னிரண்டு மணி நேரத்தின் பின்னர்ப் பெரும்பாலும் பயனில்லை.

வெருகல் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் உள்ளது. பாலம் அமையுமுன் ஆற்றைக் கடப்பதற்குப் பாதை எனப்படும் மிதவையே துணையாயிருந்தது. இரவில் நோயாளியை எடுத்துச் செல்வோர் பட்ட பாட்டை முதியோர் அறிவர். இன்று பாலமும் தார்வீதியும் உள. ஆயினும், ஈச்சிலம்பற்று வைத்தியசாலையில் முதலுதவி பெற்று, மூதூருக்கோ வாழைச்சேனைக்கோ சென்று, அங்கிருந்து திருகோணமலை, மட்டக்களப்புப் பெரிய வைத்தியசாலைகளை அடைவதற்குக் காலம் வேண்டும். வீதியிற் செல்லும் அக்காலத்தைக் குறைத்தல் நோயாளியின் வீட்டார்க்கு இயலாது. வீட்டில் வீணாகும் காலத்தைக் குறைத்தல் அவர்க்கு முற்றும் இயலும். பெரும்பாலான இடங்களில் முதற் சில மணி நேரம் வீட்டிலேயே கழிகின்றது. நெஞ்சு நோவை வாய்வு என எண்ணி இஞ்சிச் சாறும் சோடாவும் கொடுத்தல், தைலம் பூசுதல், விடியட்டும் பார்ப்போம் எனக் காத்திருத்தல் ஆகியவற்றால் மீளாத தசை மடிந்துபோகின்றது.

ஆதலால், குறிகளை அறிந்திருத்தல் முதற் கடமை. நடுநெஞ்சிற் பாறாங்கல்லை வைத்தாற் போன்ற பாரம், இடத்தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் என்பன பெருங்குறிகள். நீரிழிவு உடையார்க்கும் பெண்களுக்கும் முதியோர்க்கும் நோவே இன்றி, மூச்சிளைப்பும் மிகுந்த சோர்வும் மாத்திரம் தோன்றலாம். ஓய்ந்திருந்தும் இக்குறிகள் சில நிமிடத்துள் நீங்காவாயின், நோயாளியை நடக்கவிடாது அமர்த்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 2016 ஆம் ஆண்டில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்துக் கட்டணமின்றிப் பெறலாம். அஸ்பிரின் ஒவ்வாமையோ குருதிப்பெருக்கு நோயோ இல்லாதார்க்கு, அழைப்பை ஏற்கும் மருத்துவத் துறையினர் கூறுமிடத்து 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கச் செய்தல் உறைகட்டி மேலும் வளர்வதைக் குறைக்கும். நோயாளி தாமே மோட்டார்ச் சைக்கிளை ஓட்டிச் செல்லுதல் ஆகாது.

சிலவேளை மாரடைப்பின்போது இருதயத்தின் மின்னோட்டம் குழம்பித் துடிப்பே நின்றுவிடும். நினைவிழந்து மூச்சும் நின்றவர்க்கு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் தாழுமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை விடாது அமுக்குதல் வேண்டும். குருதியின்றி மூளை தாங்குங் காலம் சில நிமிடமே. அம்புலன்ஸ் வருமளவும் கைகளே அவருக்கு இருதயமாகின்றன. சாரணர் பயிற்சியிலும் முதலுதவி வகுப்பிலும் இதனை மாணவர் அனைவரும் செய்து பழகுதல் நன்று.

வருமுன் காத்தல்

மேற்கூறிய நோய்களுட் பல வாழ்க்கை முறையோடு தொடர்புடையன. பீடியும் சிகரெட்டும் நாடியின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அவற்றை விடுத்த ஓராண்டுக்குள்ளேயே மாரடைப்பு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகின்றது. ஒருவர் ஒரு நாளில் உண்ணத்தக்க உப்பு 5 கிராமுக்கு, அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கரையோர ஊர்களில் நாள்தோறும் உண்ணும் கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதியாக உண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். வயலில் உழைத்தவர் உழவு இயந்திரம் வந்தபின் உழைப்பைக் குறைத்தும் உணவைக் குறைக்காதிருப்பாராயின், நிறையும் நீரிழிவும் அவரைத் தொடரும். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும், கீரையும் காய்கறியும் மிகுதியாக உண்ணலும் செலவில்லாத மருந்துகள்.

முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருதியமுக்கத்தையும் குருதியிலுள்ள சீனியையும் சோதிப்பித்தல் நன்று. அரசாங்க வைத்தியசாலைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. கிளினிக் அட்டையைப் பெற்றோர் குறித்த நாளிற் சென்று மருந்தைத் தொடர்தலே பெரும் பயன் தருவது. விதைப்பு நாளும் அறுவடை நாளும் தவறாத உழவர்க்குக் கிளினிக் நாளை நினைவிற் கொள்ளுதல் அரிய செயலன்று.

உடல் முழுவதற்கும் உணவூட்டும் இருதயம், தான் உண்பதற்கு இரண்டு மெல்லிய நாடிகளையே நம்பியிருக்கின்றது. அந்நாடிகள் தூர்வது நோவின்றி நிகழ்வது. அடைபடுவது ஒரு கணத்தில் நிகழ்வது. ஆகவே, முன்னதற்கு ஆண்டுக்கணக்கான விழிப்பும், பின்னதற்கு நிமிடக்கணக்கான விரைவும் வேண்டும். மாரிக்கு முன்னர் வாய்க்காலைத் துப்புரவு செய்தலும், கட்டு உடைந்த இரவிலே ஊரெழுந்து ஓடி அடைத்தலும் வெருகல் மக்களுக்குப் பழக்கமானவை. அவ்விரண்டையும் தம் உடலின்பாலும் அவர் மேற்கொள்வாராயின், வைத்தியசாலையின் தொலைவு அவர் உயிருக்கு இத்துணைப் பெரிய தடையாக இராது. கல்வி பெற்ற மாணவர் ஒவ்வொருவரும் இவ்வறிவைத் தம் வீட்டு முதியோர்க்கு எடுத்துரைப்பின், அதுவே கற்றதன் பயன்களுள் ஒன்றாகும்.